ஆறு மாதத்துக்கும் எல்.கே.ஜி.க்கும் நடுவே

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு மாதக் காலண்டர் தொங்குகிறது. பால் கணக்கு, சிலிண்டர் வந்த தேதி எதுவும் அதில் இருக்காது. எந்தப் பாட்டி எந்தத் தேதி வரை இருப்பார் என்று மட்டும் எழுதியிருக்கும். பச்சை மை என் அம்மாவுக்கு. திருநெல்வேலிப் பக்கம் என்பதால் என் மகளுக்கு அவர் ஆச்சி. நீல மை என் மாமியாருக்கு. கும்பகோணம், அதனால் அப்பாயி. பச்சை முடிந்து நீலம் தொடங்குவதற்குள் இரண்டு நாள் வெள்ளையாக விழுந்துவிட்டால், அதற்கு முந்தைய வாரம் முழுக்க எனக்கும் கணவருக்கும் அதே பேச்சுதான்: யார் லீவு போடுவது?

ரயில் முன்பதிவு 120 நாளுக்கு முன்பே திறந்தபோது இந்தக் கணக்கு கொஞ்சம் நிதானமாக நடந்தது. 2024 நவம்பரிலிருந்து அது 60 நாளாகிவிட்டது. முழங்கால் வலியோடு வருகிறவருக்குக் கீழ் பெர்த் கிடைப்பதைப் பொறுத்து, எங்கள் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் மாறும் தேதி அமைகிறது.

மகளுக்கு இப்போது ஒரு வயது பத்து மாதம். வேளச்சேரியில் மூன்றாவது மாடி வீடு. இருவரும் வேலைக்குப் போகிறோம். சென்னையில் இதில் விசேஷமாக எதுவும் இல்லை. எங்கள் மாடிப்படியில் மட்டும் இதே கதையில் மூன்று வீடுகள். தாய்க்குச் சட்டப்படி கிடைக்கும் விடுப்பு ஆறு மாதம். எல்.கே.ஜி.யில் சேர்க்க மூன்று வயது ஆக வேண்டும். நடுவில் கிடக்கிற இரண்டரை வருடத்தைத்தான் வீட்டுக்கு வீடு ஒவ்வொரு விதமாக ஒட்டுப்போட்டு ஓட்டுகிறோம்.

முதலில் அந்த ஆறு மாதக் கணக்கைப் பார்த்துவிடலாம். 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு பலன்கள் சட்டம், 12 வாரமாக இருந்த விடுப்பை முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாக்கியது. மூன்றாவது குழந்தை என்றால் பழையபடி 12 வாரம்தான். 26 வாரத்தில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அப்படி எடுத்தவர் திரும்ப வேலைக்குப் போகிற அன்று குழந்தைக்கு நாலு மாதத்துக்குச் சற்று மேல்தான் ஆகியிருக்கும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று ஆரம்ப சுகாதார நிலையச் சுவரில் எழுதியிருப்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டும். தமிழக அரசு ஊழியர் என்றால் நிலைமை தேவலை. 2021 முதல் அவர்களுக்கு 12 மாதம். அப்பாக்களுக்கு? மத்திய அரசு ஊழியர்களுக்கு 15 நாள் உண்டு. தனியார் வேலையில் இருப்பவருக்குச் சட்டம் ஒரு நாள்கூடச் சொல்லவில்லை. என் கணவர் எடுத்த எட்டு நாளும் அவருடைய சொந்த லீவுக் கணக்கிலிருந்து போனவை.

அதே 2017 திருத்தம் இன்னொன்றும் சொன்னது. 50 அல்லது அதற்கு மேல் ஊழியர்கள் உள்ள நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்து தர வேண்டும். தாய் ஒரு நாளைக்கு நாலு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம். படிக்கும்போது கண்ணீரே வந்துவிடும், அவ்வளவு நல்ல விதி. நடைமுறையில் யோசித்துப் பாருங்கள். காப்பகம் அலுவலகத்தின் பக்கத்தில் இருந்தால்தான் நாலு முறை போக முடியும். அப்படியென்றால் குழந்தையும் என்னோடு காலை எட்டு மணிக்குப் பழைய மகாபலிபுரம் சாலை நெரிசலில் ஒன்றேகால் மணி நேரம் வர வேண்டும், மாலையில் அதே போலத் திரும்ப வேண்டும். வீட்டுக்குப் பக்கத்துக் காப்பகத்தில் விட்டால் போக்குவரத்து மிச்சம். ஆனால் நாலு முறை பார்க்கும் உரிமை காகிதத்தில் நின்றுவிடும். அதோடு வீட்டுப் பக்கத்துக் காப்பகங்கள் பல ஆறரை மணிக்குக் கதவை மூடுகின்றன. ஆறரைக்கு நான் பெருங்குடியைத் தாண்டியிருந்தால் அது நல்ல நாள்.

ஆகவே பாட்டிகள். இந்த ஊரின் அலுவலகங்கள் எத்தனை பாட்டிகளின் முதுகில் ஓடுகின்றன என்று யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை. என் அம்மாவுக்கு வயது 63. ஊரில் அவருக்கு ஒரு தெரு இருக்கிறது. காலையில் கோலம் போடும்போதே நாலு பேரிடம் பேசிவிடுவார். இங்கே கோலம் போட வாசல் இல்லை. எதிர்வீட்டுக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கிறது. லிஃப்டில் தனியாக ஏற அவருக்கு இன்னும் பயம். பத்தரைக் கிலோ எடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே தண்ணி லாரியைக் காட்டிக்கொண்டு, பகல் முழுக்க ஓட்டுகிறார். அவர் இங்கே இருக்கும் மூன்று மாதமும் அப்பா அங்கே மெஸ்ஸில் சாப்பிடுகிறார். போனில் கேட்டால் “நல்லாத்தான் இருக்கு” என்பார். நாற்பது வருடம் வீட்டுச் சாப்பாடு தவிர வேறு சாப்பிடாத மனிதர்.

பாட்டிகள் வர முடியாத மாதங்களில் மீனாட்சியம்மா என்றோ, வேறு பெயரிலோ ஒரு அக்கா வருவார். பெயர் எதற்கு, எல்லா வீட்டிலும் அவர் ‘பாப்பாவைப் பார்த்துக்கிற அக்கா’. எங்களுக்கு வந்தவர் பெரும்பாக்கத்திலிருந்து வந்தார். நகரின் ஆற்றோரங்களிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களுக்கு அரசு கட்டிக்கொடுத்த அடுக்குமாடிகள் அங்கேயும் கண்ணகி நகரிலும் இருக்கின்றன. அந்தப் பெண்களில் நிறையப் பேர் காலையில் பஸ் பிடித்து அடையாறு, மயிலாப்பூர், வேளச்சேரி வீடுகளுக்கு வேலைக்கு வருகிறார்கள். அந்த அக்காவுக்கும் இரண்டு வயதில் ஒரு பையன். அவனைப் பார்த்துக்கொள்வது ஒன்பதாவது படிக்கிற மூத்த பெண். பள்ளிக்கூடம் இருக்கிற நாளில் பக்கத்து வீட்டுப் பாட்டி. 26 வார விடுப்பு அவருக்குப் பொருந்தாது, ஏனென்றால் வீட்டு வேலை அந்தச் சட்டத்துக்குள்ளேயே வரவில்லை. அவருக்குக் கிடைத்தது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்; அதிலும் 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகமாக. அதற்கும் அலைய வேண்டியிருந்ததாம். என் குழந்தைக்கு மதியச் சோறு ஊட்டிவிட்டு அவர் தன் வீட்டுக்கு வீடியோ கால் போடுவார். நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கிற நாட்களில் அறைக்குள் இருந்து கேட்டிருக்கிறேன். “அம்மா வரேன்டா, வரேன்டா” என்று திரும்பத் திரும்பச் சொல்வார். நானும் ஆபீசிலிருந்து அதையேதான் சொல்கிறேன்.

அங்கன்வாடி என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்கலாம். 1975 அக்டோபர் 2-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டம். தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள். இரண்டு வயது தாண்டிய குழந்தைக்குச் சூடான மதிய உணவு, வாரத்துக்கு மூன்று முட்டை, ஆட்டம் பாட்டம், எடை பார்ப்பது எல்லாம் உண்டு. ஆறு மாதத்திலிருந்தே சத்துமாவு வாங்கிக்கொள்ளலாம். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒன்று இருக்கிறது, போய்ப் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருந்தது, அங்கிருந்த டீச்சர் குழந்தையைத் தூக்கிய விதத்திலேயே அனுபவம் தெரிந்தது. ஆனால் பிற்பகலோடு முடிந்துவிடும். மாலை மூன்றரைக்கு அழைத்து வர ஒரு ஆள் வேண்டுமென்றால், மறுபடி காலண்டரில் பச்சை மை. எங்களைப் போன்றவர்கள் அங்கே சேர்க்காததற்கு நேரம் ஒரு காரணம்; கௌரவம் இன்னொரு காரணம், அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை என்று சொன்னால் பொய்.

குழந்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேலே சொன்ன ஏற்பாடு எதுவும் அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்த முக்கியமான சொல் ‘வேணா’. இட்லி வேணா, சட்டை வேணா, அம்மா போக வேணா. இந்த வயது வீடுகளில் அதிகம் கேட்கிற புகார், ‘சாப்பிடவே மாட்டேங்குது’. இதற்கு உடம்பிலேயே விளக்கம் இருக்கிறது. மூன்று கிலோவில் பிறந்த குழந்தை ஒரு வயதில் ஒன்பது கிலோவை எட்டுகிறது, அதாவது மூன்று மடங்கு. அடுத்த ஒரு வருடத்தில் கூடுவதோ இரண்டரைக் கிலோ. வளர்ச்சி வேகம் குறைகிறது, பசியும் சேர்ந்து குறைகிறது. முதல் வருடம் கிண்ணம் காலி செய்த பிள்ளை இப்போது நாலு வாயில் தலையைத் திருப்பினால் அது நோய் இல்லை. ஆனால் மாலையில் வீடு திரும்புகிற அம்மாவுக்கு அன்றைய நாள் எப்படிப் போனது என்று அளக்க இருக்கிற ஒரே படி, குழந்தை எவ்வளவு சாப்பிட்டது என்பதுதான். பார்த்துக்கொள்கிறவருக்கும் அது தெரியும். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் செல்போன் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வந்து நிற்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னபடி, ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம். இரண்டு வயதானால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. அதே வழிகாட்டுதல் ஒரு நாளைக்கு 180 நிமிடம் ஓடி ஆட வேண்டும் என்றும், பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூங்க வேண்டும் என்றும் சொல்கிறது. திரையைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அந்த 180 நிமிடத்தை 850 சதுர அடியில் எங்கே ஓடுவது என்று பேசுவதில்லை. எங்கள் குடியிருப்பின் வரைபடத்தில் ‘குழந்தைகள் விளையாடுமிடம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. இப்போது அங்கே இரண்டு கார் நிற்கின்றன. ஒன்று எங்களுடையது.

சாப்பாட்டில் சத்தமில்லாமல் நடக்கிற தப்பு வேறு ஒன்று: பால். சோறு இறங்கவில்லை என்றால் ‘பாலாவது குடிக்கட்டும்’ என்று ஒரு டம்ளர், பிறகு இன்னொன்று. நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் போனால் வயிறு பாலிலேயே நிறைந்து, சோறு, பருப்பு, கீரை, முட்டைக்கு இடமில்லாமல் போகும். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதில் வசதியான வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. எங்கள் குழந்தை மருத்துவர் எடை அட்டையைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, “எத்தனை டம்ளர் பால்?” நான் என் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கூரையைப் பார்த்தார்.

வெளியே கிளம்புவது தனி அத்தியாயம். தள்ளுவண்டி ஒன்று வளைகாப்புப் பரிசாக வந்தது. எங்கள் தெரு நடைபாதையில் டிரான்ஸ்ஃபார்மர், பூக்கடை, நிறுத்திய பைக், தூக்கிப்போட்ட கான்கிரீட் மூடி என்று வரிசையாக நிற்பதால் அது இப்போது பால்கனியில் துணி கூடையாக இருக்கிறது. 2019-இல் பாண்டி பஜாரில் அகலமாக்கப்பட்ட நடைபாதையில் மட்டும் ஒரே ஒரு முறை அதை நிம்மதியாகத் தள்ளினேன். பஸ்ஸில் ஐந்து வயது வரை டிக்கெட் கிடையாது. 2022-க்கு முன் மூன்று வயது வரைதான். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கும் கட்டணமில்லை என்பதால் ஆச்சியும் பேத்தியும் காசில்லாமல் ஊர் சுற்றலாம். ஏறுகிற படியின் உயரம்தான் ஆச்சிக்கு ஒத்துவரவில்லை. தாழ்தளப் பேருந்து வரும்வரை நிறுத்தத்தில் காத்திருப்பார்.

பைக்கைப் பற்றிச் சொன்னால் பல பேருக்கு ஆச்சரியமாக இருக்கும். நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தையை இருசக்கர வாகனத்தில் ஏற்றிச் செல்ல மத்திய அரசு 2022 பிப்ரவரியில் விதி போட்டது. ஒரு வருடம் கழித்து நடைமுறைக்கு வந்தது. ஒன்பது மாதம் தாண்டிய குழந்தைக்குத் தலைக்குப் பொருந்துகிற ஹெல்மெட், ஓட்டுகிறவரோடு குழந்தையைச் சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டை, வேகம் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. தெருவில் நின்று அரை மணி நேரம் பாருங்கள். அப்பா ஹெல்மெட்டோடு, அம்மா ஹெல்மெட் இல்லாமல், நடுவில் பிள்ளை. இன்னொன்று பெட்ரோல் டேங்க் மேல் கைப்பிடியைப் பிடித்தபடி. பட்டை கட்டிய ஒரு வண்டியை நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. நாங்களே அதை வாங்கியது, சிக்னலில் தூங்கி வழிந்த மகளின் தலை என் கையில் இடித்த அன்றுதான். 600 ரூபாய்க்குள் கிடைத்தது.

இரவு எட்டரைக்கு நாங்கள் வீட்டில் நுழையும்போது அவளுக்கு விடிகிறது. பார்த்துக்கொள்கிறவரும் மனுஷிதானே, மூன்று மணியிலிருந்து ஐந்தரை வரை தூங்க வைத்துத் தானும் கொஞ்சம் சாய்ந்திருப்பார். அந்தத் தூக்கத்தின் விலை இரவு பதினொரு மணிக்கு எங்களிடம் வசூலாகும். கணவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவார். அங்கே ஏற்கெனவே இன்னும் இரண்டு அப்பாக்கள் தோளில் பிள்ளையோடு உலாத்திக்கொண்டிருப்பார்கள். கிரிக்கெட் பேசுவார்களாம். மெதுவாக.

போன ஞாயிற்றுக்கிழமை பச்சை மை முடிந்தது. தாம்பரத்தில் நெல்லை எக்ஸ்பிரஸில் அம்மாவை ஏற்றிவிட்டு வந்தோம். கீழ் பெர்த்தே கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது; மகள் வழக்கம்போல் ஜன்னலுக்கு ஓடினாள். பாட்டு தெரு முனையைத் திரும்பியதும் சமையலறைக்கு வந்தாள். அப்பாயி அடுப்படியில் பாக்கெட் பாலை வெட்டிக்கொண்டிருந்தார். அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வாஷிங் மெஷினுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பிறகு குளியலறைக் கதவைத் தட்டினாள்.

“ஆச்சி?”

மணி எட்டே கால். எனக்கு ஒன்பதே காலுக்கு மீட்டிங்.