பாண்ட் பணம் யார் கையில்?

சிட்னியில் வீடு வாடகைக்கு எடுப்பவர்கள் முதலில் கட்டும் முன்பணத்துக்கு ‘பாண்ட்’ என்று பெயர். நான்கு வார வாடகைக்கு மேல் அதைக் கேட்கக் கூடாது என்கிறது நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 2010ஆம் ஆண்டுச் சட்டம். சென்னையில் அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவருக்குத் தொகை சிறியதாக இருப்பதுதான் முதலில் கண்ணில் படும். அதைவிடப் பெரிய வேறுபாடு, பணம் வீட்டுக்காரரிடம் தங்காது என்பது. அவர் வாங்கினால் பத்து வேலை நாட்களுக்குள் அரசின் ஃபேர் டிரேடிங் துறையிடம் கட்டிவிட வேண்டும். நம் ஊரில் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தரச் சொல்கிறது. ஆனால் அதுவரை பணம் இருப்பது வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கில். தராவிட்டால் அலைய வேண்டியவர் வாடகைதாரர். இழுத்தடிப்பவருக்கு நட்டம் ஒன்றும் இல்லை. முன்பணத் தகராறுகளில் நியாயம் தோற்பது பெரும்பாலும் இங்கேதான்.

சிட்னியில் வீட்டைக் காலி செய்ததும் இருவரில் யார் வேண்டுமானாலும் பாண்டைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். மற்றவர் சம்மதித்தால் பணம் உடனே விடுவிக்கப்படும். சம்மதம் இல்லாமல் ஒருவர் கேட்டால், மற்றவருக்கு நோட்டீஸ் போகும். அவர் 14 நாட்களுக்குள் ‘என்கேட்’ என்னும் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டு அதைத் துறைக்குத் தெரிவிக்காவிட்டால், கேட்டவருக்கே பணம் போய்விடும். ஆக, பேசாமல் இருந்தே பணத்தை முடக்கிவைக்க யாராலும் முடியாது. வாடகைதாரர் முந்திக்கொண்டால், வழக்குப் போடும் வேலை வீட்டுக்காரர் தலையில் விழும். இது தெரியாமல், வீட்டுக்காரரின் ஏஜென்ட் முடிவு சொல்லட்டும் என்று காத்திருப்பவர்கள் தங்கள் சாதகத்தைத் தாங்களே விட்டுக்கொடுக்கிறார்கள்.

நான்கு வார வாடகை எந்தச் சேதத்துக்குப் போதும் என்று வீட்டுக்காரர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் பாண்ட் என்பது இழப்பீட்டின் உச்சவரம்பு அல்ல. சேதம் அதைத் தாண்டினால் மீதியையும் அதே தீர்ப்பாயத்தில் கேட்கலாம். அங்கே சேதத்தை நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான். வெயிலில் திரைச்சீலை வெளுப்பதும் நடந்து நடந்து கம்பளம் தேய்வதும் குடியிருப்பின் இயல்பான தேய்மானம். அதற்குப் பிடித்தம் கிடையாது. சிகரெட் சுட்ட ஓட்டை வேறு கதை. அதிலும் பழைய கம்பளத்தைக் கெடுத்தவரிடம் புதுக் கம்பளத்தின் முழு விலையை வாங்கிவிட முடியாது; பொருளின் வயது கணக்கில் வரும். மக்கள் பணத்தை அரசு ஏன் வைத்துக்கொள்கிறது என்பது இன்னொரு முணுமுணுப்பு. அந்தப் பணத்துக்கு வரும் வட்டியிலிருந்துதான் வாடகைதாரர்களுக்கான இலவச ஆலோசனை மையங்களுக்கு நிதி போகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு இருந்தும் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு: தீர்ப்பாயம் சாட்சியத்தை நம்பியே இயங்குகிறது. வீடு முதல் நாள் எப்படி இருந்தது என்பதற்கு முக்கியச் சாட்சி, குடியேறும்போது ஏஜென்ட் தரும் ‘கண்டிஷன் ரிப்போர்ட்’. படிக்கவோ வேலைக்கோ சிட்னி போகும் நம்மவர்கள் வந்த களைப்பில் அதைப் புரட்டாமலேயே விட்டுவிடக் கூடாது. சுவரில் இருக்கும் கீறலையும் குளியலறைப் பூஞ்சையையும் அதில் எழுதி, படமெடுத்துக்கொண்டு, ஏழு நாட்களுக்குள் கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுங்கள். ஒரு பிரதியைக் காலி செய்யும் நாள்வரை பத்திரமாக வைத்திருங்கள்.