சூரியக் கறையும் கெண்டைக்கால் வலியும்

பழனியில் படியேறுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. மூச்சு வாங்கி நிற்பவர்கள் ஒரு வகை. மூச்சு சீராக இருக்கும்போதே கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுபவர்கள் இன்னொரு வகை. கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் வலி போய்விடும். எழுந்து ஏறினால் ஏறக்குறைய அதே தூரத்தில் மறுபடி பிடிக்கும். "வயசாச்சு, அதான்" என்று தைலம் தேய்த்துக்கொள்வார்கள். பீடி, சிகரெட் பழக்கமோ சர்க்கரையோ இருந்தால் விஷயம் தைலத்தோடு முடிவதில்லை. காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி சுருங்கியிருக்கலாம். வலி பிட்டத்திலும் தொடையிலும் வந்தால், சுருக்கம் இன்னும் மேலே, இடுப்புக்குள் இருக்கக்கூடும்.

இதைக் கண்டுபிடிக்க எடுப்பதுதான் டாப்ளர் ஸ்கேன். நெருங்கும் அல்லது விலகும் பொருளிலிருந்து வரும் அலையின் அதிர்வு மாறித் தெரியும் என்ற இதன் அடிப்படை விதியைக் கிறிஸ்டியன் டாப்ளர் 1842-ல் பிராகா நகரில் சொன்னார். பழனிக்குத் தெற்கே நிற்கும் மலைத்தொடரின் மேலே, கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில், 1909 ஜனவரியில் அதே விதியைச் சூரியன் மேல் பிரயோகித்தார் ஜான் எவர்ஷெட். சூரியக் கறையின் வெளிவிளிம்பிலிருந்து வரும் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது, நிறமாலைக் கோடுகள் சற்றே இடம் மாறியிருந்தன. கறையிலிருந்து வாயு, நொடிக்கு ஏறக்குறைய 2 கிலோமீட்டர் வேகத்தில், எல்லாத் திசையிலும் வெளிநோக்கி ஓடுகிறது என்பது அதன் பொருள். உலக வானியல் நூல்களில் இதற்கு 'எவர்ஷெட் விளைவு' என்று பெயர்.

அதில் ஒரு நுணுக்கம். கறை சூரியத் தட்டின் நடுவில் இருக்கும்போது இந்த இடமாற்றம் தெரியாது; ஓரத்தை நெருங்க நெருங்கத் தெளிவாகத் தெரியும். வாயு சூரியப் பரப்பையொட்டிக் கிடையாக ஓடுகிறது. நடுவில் இருக்கும்போது அந்த ஓட்டம் நம் பார்வைக்குக் குறுக்கே போகிறது. நம்மை நோக்கி வருவதையும் நம்மை விட்டு விலகுவதையும்தான் டாப்ளர் காட்டும். குறுக்கே போவது அதன் கண்ணில் படாது.

ஸ்கேன் அறையிலும் இதே சிக்கல்தான். கருவி நொடிக்கு 50 லட்சம் அதிர்வுள்ள ஒலியைக் காலுக்குள் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒலி போகும் திசைக்கு 60 டிகிரி கோணத்தில், நொடிக்கு 1 மீட்டர் ஓடும் ரத்த அணுக்கள் அதைத் திருப்பி அனுப்பும்போது சுமார் 3,200 அதிர்வு வித்தியாசம் விழும். அது நம் காதுக்கு எட்டும் ஒலி என்பதால் ஸ்பீக்கரிலேயே கேட்கலாம். நல்ல தமனியில் ஒவ்வொரு துடிப்பும் மூன்று அசைவாகக் கேட்கும். சுருக்கத்தைத் தாண்டிய இடத்திலோ சோம்பலான ஒற்றை 'உஷ்'. சுருங்கிய இடத்தில் வேகம் எகிறும். சற்று மேலே இருந்ததைப்போல் இரு மடங்கானால், குழாயின் விட்டம் பாதிக்கு மேல் அடைபட்டிருப்பதாகக் கொள்வார்கள்.

கருவியை 90 டிகிரியில் பிடித்தால், ஓடுகிற ரத்தமும் ஓடாததுபோல் தெரியும். உண்மையான கோணம் 80 டிகிரியாக இருக்க, 85 என்று குறித்துவிட்டால் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகத் திரையில் வரும். அதாவது, இல்லாத அடைப்பு ரிப்போர்ட்டில் ஏறிவிடும்! அதனால்தான் 60 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறார்கள். கருவி எவ்வளவு விலை என்பதைவிட, பிடிக்கிற கைக்கு எவ்வளவு பழக்கம் என்றுதான் நான் கேட்பேன்.

இடுப்புத் தமனிகள் இன்னும் கஷ்டம். ஆழத்தில், வளைந்து வளைந்து போகின்றன. குடல் வாயு வேறு மறைக்கும். வெறும் வயிற்றில் வரச் சொல்வது அதற்காகத்தான். அப்படியும் தெரியாவிட்டால் தொடை இடுக்கில் வைத்துக் கேட்பார்கள். அங்கேயே ஓசை மங்கியிருந்தால் கோளாறு மேலே என்று அர்த்தம்.

இத்தனைக்கும் முன்னால் செய்ய வேண்டிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. பேனா அளவு டாப்ளர் கருவியும் பிரஷர் பட்டையும் போதும். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுக்க வேண்டும், 0.9-க்குக் கீழே வந்தால் கோளாறு. நெடுநாள் சர்க்கரை நோயாளிக்கு மட்டும் இந்தக் கணக்கு ஏமாற்றலாம். சுண்ணாம்பு படிந்து இறுகிய தமனி பட்டைக்கு அமுங்காது, எண் 1.4-க்கு மேல்கூடப் போகும். அவர்களுக்குக் கால் கட்டைவிரலில் அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

(தொடரும்)