இரவில் மட்டும் பக்கத்தில் வரும் ரயில்

பிள்ளைகளே, சிதம்பரம் ஊருக்குக் கிழக்கே, ரயில் பாதையைத் தாண்டினால் அண்ணாமலை நகர். 1929-இல் பல்கலைக்கழகம் வந்தது. அதைச் சுற்றி வளர்ந்த குடியிருப்பு இது. உள்தெருக்கள் அவ்வளவு அமைதி. மத்தியானம் இரண்டு மணிக்கு நடந்தால் உங்கள் செருப்புச் சத்தம் உங்களுக்கே கேட்கும்.

சின்ன வயதில் விடுமுறைக்கு அங்கே பெரியம்மா வீட்டுக்குப் போவேன். முதல் நாள் ராத்திரி திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கொல்லைப்புறத்திலேயே ரயில் வந்து கூவியதுபோல் இருந்தது! காலையில் ஓடிப்போய்ப் பார்த்தால் கொல்லையில் முருங்கை மரம்தான் நிற்கிறது. ஸ்டேஷனுக்கு நல்ல தூரம் நடக்க வேண்டும். அன்று பகலிலும் ரயில் போனது. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தும், எங்கேயோ முனகியதுபோல்தான் கேட்டது.

“ராத்திரியில ஊர் அடங்கிடுதுல்ல, அதான் கேக்குது” என்றார் பெரியம்மா.

அது பாதி விடை. சத்தத்தை டெசிபல் என்ற அளவில் அளப்பார்கள். காதோடு பேசும் ரகசியம் சுமார் 30, சாதாரணப் பேச்சு சுமார் 60. ஒவ்வொரு 10 டெசிபல் கூடும்போதும் ஒலியின் ஆற்றல் 10 மடங்காகிறது. அப்படியானால் ரகசியத்துக்கும் பேச்சுக்கும் நடுவே 1,000 மடங்கு! பெரிய சத்தத்துக்குள் சின்னச் சத்தம் மூழ்கிப்போகும். நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 என்று வரம்பு வைத்திருக்கின்றன. ஊர் அடங்கினால், அதுவரை மூழ்கிக் கிடந்த சுவர்க்கோழியின் கிரீச்சொலிகூட மேலே வந்துவிடும்.

ஆனால் யோசியுங்கள். அந்தத் தெரு மத்தியானத்திலும் அமைதிதானே? அப்போது ஏன் ரயில் கேட்கவில்லை?

இதற்கு விடை சொல்ல உங்களைத் தேர் பார்க்க அழைத்துப் போகிறேன். ஆனியிலும் மார்கழியிலும் சிதம்பரத்தில் ஐந்து தேர்கள் ஓடும். கீழ வீதி முடிந்து தெற்கு வீதிக்குத் தேர் திரும்பும் முனையில் நின்று சக்கரங்களைக் கவனியுங்கள். வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் உருள வேண்டும். உள்பக்கச் சக்கரம் மெல்ல நகர்ந்தால் போதும். ஒரு பக்கம் வேகம், மறுபக்கம் மெதுவு என்றால் தேர் மெதுவான பக்கமாகத் திரும்பும்.

ஒலியும் அப்படியே. வெப்பமான காற்றில் ஒலி வேகமாக ஓடும். 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர். ஒரு டிகிரி ஏறினால் சுமார் 0.6 மீட்டர் கூடும். பகலில் வெயில் தரையைச் சுடுகிறது, தரையை ஒட்டிய காற்றும் சூடாகிறது. அப்போது ஒலியின் அடிப்பக்கம் வேகம், மேல்பக்கம் மெதுவு. அதனால் ஒலி மேல்நோக்கித் திரும்பி, நம் தலைக்கு மேலே போய்விடுகிறது. மேகமில்லாத இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். கீழே குளிர்காற்று, அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று. இப்போது மேல்பக்கம் வேகம். வானத்துக்குப் போகவேண்டிய ஒலி வளைந்து தரைக்கு இறங்கி, பெரியம்மா வீட்டு ஜன்னலுக்குள் வந்துவிடுகிறது!

இப்போது நான் கடலூரில், புதுப்பாளையத்தில் இருக்கிறேன். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குச் சைக்கிளில் போய்விடலாம். கோடை இரவில் நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும்போது எங்கள் தெருவில் கடல் கேட்பதே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் கடலிலிருந்து கொண்டல் வீசத் தொடங்கினால் வாசலில் நின்றே அலையைக் கேட்கலாம். அலையும் அப்போது பெரிது. காற்று சத்தத்தைச் சுமந்து வருகிறது என்று சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கும், ஆனால் நடப்பது வேறு. தரையருகே மரமும் வீடும் தடுப்பதால் காற்று மெதுவாகவும், உயரத்தில் வேகமாகவும் வீசுகிறது. காற்றோடு வரும் ஒலியின் மேல்பக்கம் முந்துகிறது. தேர் மறுபடி நம் பக்கம் திரும்புகிறது. காற்றை எதிர்த்து வரும் ஒலியோ மேலே ஏறிப் போய்விடுகிறது.

குளிர்காற்று அடியில் தங்கியிருப்பதைக் கண்ணாலும் பார்க்கலாம். காற்றசைவில்லாத விடியலில் ஏதாவது அடுப்புப் புகையைக் கவனியுங்கள். கொஞ்சம் உயர்ந்ததும் மேலே போகமாட்டாமல், விரித்த பாய்போல் பரவி நிற்கும். அந்த நேரத்தில் மாடிக்குப் போய் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கேட்கும் சத்தங்களை எல்லாம் நோட்டில் எழுதுங்கள். அன்றைக்கே மத்தியானம் அதே இடத்தில் இன்னொரு பட்டியல் போடுங்கள்.

நான் அப்படிச் செய்த முதல் நாள் மார்கழி மாதம். பெரியம்மா வெந்நீர் அடுப்பு மூட்டியிருந்தார். புகை முருங்கை மரத்தின் பாதி உயரத்தில் படுத்திருந்தது. ரயில் பாதைக்கு அப்பாலிருந்து, நடராசர் கோயில் மணியோசை தெளிவாக வந்தது. வெயில் ஏற ஏறப் புகை நிமிர்ந்து நேராக எழுந்தது. மணி தேய்ந்து தேய்ந்து கேட்காமல் போனது. அங்கே யாரோ அடித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.