வீட்டுச் சுண்டெலிகளை ஒழிக்கும் முறை: பொறியும் இரையும்

ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரங்களில், மேற்கு மலைத் தொடரை நோக்கிய திருவண்ணாமலை முதலிய கிராமங்களில், விவசாயியின் வீடே அவனுடைய களஞ்சியம். தீவனக் கிடங்கும் அதுவே. கண்மாய்ப் பாசனத்தில் விளைந்த நெல்லும், புஞ்சைச் சோளமும், அடுத்த போகத்திற்கு வேண்டிய விதையும் ஒரே கூரையின்கீழ் அடைந்து கிடக்கின்றன. 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குப் பால் கொடுக்கும் மாடுகளுக்காகப் பருத்தி விதை, புண்ணாக்கு, தவிடு ஆகியவையும் வீட்டின் ஒரு மூலையில் மூட்டை மூட்டையாக இருக்கும். சுண்டெலிக்கு இதைவிடச் சௌகரியமான இடம் வேறில்லை.

நஷ்டத்தின் அளவு

ஒரு சுண்டெலி நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 கிராம் தானியமே தின்னும். இது அற்பமாகத் தோன்றும். ஆனால் வருஷ முடிவில் அது ஒரு கிலோவுக்கு மேலாகும். மேலும், தின்பதைவிடக் கெடுப்பதே அதிகம். தினம் 50 முதல் 75 வரை புழுக்கைகளைப் போட்டு, மூத்திரத்தால் தானியத்தை நனைத்து, சாக்குகளைக் கடித்துச் சிந்தச் செய்கிறது. கர்ப்ப காலம் சுமார் மூன்று வாரமே. ஓர் ஈற்றில் ஐந்தாறு குட்டிகள் பிறக்கும். அவையும் ஒன்றரை அல்லது இரண்டு மாதத்தில் ஈனத் தகுதி பெறும். ஆகையால் இரண்டொன்று கண்ணில் படும்போதே வேலையைத் தொடங்க வேண்டும்.

எதிரி யாரென அறிதல்

பெருச்சாளி வரப்பிலும் வைக்கோற்போரடியிலும் வளை தோண்டும். வீட்டெலி விட்டத்திலும் மச்சிலும் ஓடும். சுண்டெலி மூட்டைகளுக்கிடையிலும் அலமாரியின் பின்புறத்திலும் கூடு கட்டும். நீண்ட மூக்கும் துர்நாற்றமும் உடைய மூஞ்சூறு எலி இனமே அன்று. அது பெரும்பாலும் பூச்சிகளைத் தின்னும். அரிசியளவான சிறு புழுக்கை சிதறிக் கிடந்தால் சுண்டெலி என்று தீர்மானிக்கலாம்.

வீட்டெலிக்கும் சுண்டெலிக்கும் குணபேதம் உண்டு. வீட்டெலி புதுப் பொருளைக் கண்டால் சில நாள் அஞ்சி விலகும். ஆதலால் அதற்குப் பொறியை இரண்டு மூன்று நாள் விசை ஏற்றாமல், இரையை மட்டும் இட்டு வைக்க வேண்டும். சுண்டெலியோ புதுப் பொருளை உடனே ஆராய வரும். அதற்கு வைத்த பொறி முதல் இரவிலேயே பலன் தரக்கூடும்; இரண்டு மூன்று நாளில் எதுவும் விழாவிட்டால் இடத்தை மாற்ற வேண்டும்.

வழியை அடைத்தல்

கால் அங்குல இடைவெளி இருந்தால் சுண்டெலிக் குட்டி நுழைந்துவிடும். கதவின் அடியில் தகரப் பட்டை அடித்தல், சுவர்த் துவாரங்களைக் கண்ணாடித் தூள் கலந்த சிமெண்டினால் பூசுதல், ஜன்னலுக்கும் நீர்க்குழாய் வாய்க்கும் கால் அங்குலத்திற்குக் குறைந்த கண்ணுள்ள கம்பிவலை இடுதல் ஆகியவை ஒரு முறை செலவு. பல வருஷப் பயன். மூட்டைகளைத் தரையில் போடாமல் பலகைமேல், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்க வேண்டும். பருத்தி விதையையும் தவிட்டையும் மூடியுள்ள தகரப் பீப்பாயில் வைப்பது உத்தமம். தண்ணீரை மறைத்தால் போதும் என்று சிலர் எண்ணுகிறார்கள். சுண்டெலி தானியத்திலுள்ள ஈரத்தைக் கொண்டே காலம் தள்ளக்கூடியதாகையால் அது பயன்படாது.

பொறி வைத்தல்

சுண்டெலி தன் கூட்டிலிருந்து பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு முழத்திற்குள்ளேயே சஞ்சரிக்கும். ஆகவே வீடு முழுமைக்கும் ஒரே பொறி வைத்துவிட்டு, விழவில்லை என்று கைவிடுதல் கூடாது. புழுக்கை காணும் இடங்களில் ஆறடிக்கு ஒன்றாகப் பல பொறிகளை ஒரே இரவில் வைக்க வேண்டும். எலி சுவரை ஒட்டியே ஓடும். கம்பி அடித்துக் கொல்லும் பொறியானால், இரை வைத்த முனை சுவரைத் தொடும்படி குறுக்காக வைத்தல் வேண்டும். கூண்டுப் பொறியானால் வாயில் சுவர் ஓரமாக எலி வரும் திசையை நோக்கியிருக்க வேண்டும்.

இரைக்குச் சுட்ட தேங்காய்ச் சில்லு, கருவாடு, மசால் வடை, வறுத்த நிலக்கடலை ஆகியவை ஏற்றவை. பட்டாணியளவு போதும், அதை நூலால் கட்டிவிட்டால் இழுக்கும்போது விசை விடுபடும். தானிய மூட்டை திறந்து கிடக்கும் வீட்டில் எந்த இரைக்கும் எலி வராது. முதலில் சிந்தியதைக் கூட்டி, உணவை மூடி, பிறகே பொறியை வைக்க வேண்டும்.

செத்த எலியை வெறுங்கையால் தொடலாகாது. கராச்சியில் 1898-ஆம் ஆண்டில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு வைத்தியர், எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சியே பிளேக் நோயைப் பரப்புகிறது என்று கண்டார். எலி இறந்ததும் தெள்ளு வேறு உடலைத் தேடும். எலிக்காய்ச்சலோ அதன் மூத்திரத்தால் வருவது. இடுக்கியால் எடுத்து ஆழமாகப் புதைத்து, புழுக்கை கிடந்த இடத்தை உலர்ந்தபடி பெருக்காமல், பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் நனைத்துத் துடைக்க வேண்டும்.

விஷ இரை பற்றிய எச்சரிக்கை

குழந்தைகள் உள்ள வீட்டில் பொறியே முதன்மை. பொறிக்கு அடங்காதபோது மட்டும் விஷ இரையை நினைக்கலாம். புரோமாடியோலோன் 0.005 சதவிகிதம் கலந்த ஆயத்தக் கட்டி இதற்கு உரியது. அது இரத்தம் உறைவதைத் தடுத்துச் சில நாட்களுக்குப் பின் கொல்வதால் மற்ற எலிகள் ஐயப்படுவதில்லை. சுண்டெலி பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்கும் பிராணி. ஆகையால் சிறு துண்டுகளாகப் பல இடங்களில், குழந்தையின் கை நுழையாத பெட்டிக்குள் வைத்தல் வேண்டும். மிஞ்சியதைக் கணக்குப் பார்த்து எடுத்துப் புதைக்க வேண்டும். நஞ்சு தின்ற எலியைத் தின்றால் பூனைக்கும், காவலுக்குப் பேர்பெற்ற இராஜபாளையம் நாய்க்கும் ஆபத்து நேரும்.

துத்தநாக பாஸ்பைடு வயல் வளைகளுக்குரியது, அடுக்களைக்குரியதன்று. மஞ்சள் பாஸ்பரஸ் பசையை வீட்டில் சேர்க்கவே கூடாது. அது ஈரலை அழிக்கும். அதற்கு முறிமருந்து இல்லை. அலுமினியம் பாஸ்பைடு வில்லையிலிருந்து எழும் காற்று மூடிய அறையில் மனிதரைக் கொல்லும். 2024-ஆம் ஆண்டு நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிக்காக ஒரு வீட்டில் வைக்கப்பட்ட மருந்தின் நச்சுக்காற்றால் இரண்டு குழந்தைகள் இறந்தனர். பெற்றோரும் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். சில படி நெல்லைக் காக்கப் போய்ப் பிள்ளையை இழப்பது எவ்வளவு கொடுமை!

யாரேனும் விஷத்தை உட்கொண்டதாகச் சந்தேகம் எழுந்தாலும் அறிகுறி தோன்றும் வரை காத்திராமல், மருந்தின் உறையுடன் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்ல வேண்டும். 108 எண்ணுக்கு அழைத்தால் வண்டி வரும். புரோமாடியோலோனுக்கு வைட்டமின் கே-1 முறிமருந்து. உறையைப் பார்த்தே வைத்தியர் சிகிச்சையை நிர்ணயிப்பார்.

ஊர் கூடிச் செய்தல்

ஒரு வீட்டார் மட்டும் எலி பிடித்தால் அடுத்த வீட்டு எலி அவ்விடத்தை நிரப்பும். தெரு முழுவதும் ஒரே வாரத்தில் பொறி வைப்பதே நிலையான பலன் தரும். புரட்டாசி சனிக்கிழமைகளில் திருவண்ணாமலை ஸ்ரீநிவாசப் பெருமாள் சந்நிதிக்கு ஊர் ஜனங்கள் திரளும் அந்த மாதமே இதற்கு ஏற்ற தருணம். ஐப்பசி மழை தொடங்கினால் வயல் வளைகளில் நீர் புகுந்து எலிகள் மேட்டையும் போரையும் நாடும். கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் ஒரு வாரத்தைக் குறித்து ஊருக்கு அறிவிக்கலாம். பொறி வாங்க வசதியில்லாத வீடுகளுக்குப் பத்து இருபது பொறிகளைப் பொதுவில் வாங்கி முறைவைத்து வழங்கலாம். தை அறுவடை நெல் வீட்டுக்குள் வருமுன் துவாரங்கள் அடைபட்டு, பொறிகள் வரிசையாக நின்றால், உழைத்தவன் விளைச்சல் உழைத்தவனுக்கே நிற்கும்.