இந்த ஊசிக்கு என்ன வேலை?

புதுச் சட்டை வாங்கினால், விலைச்சீட்டு ஒரு சின்ன ஊக்கில் தொங்கிக்கொண்டிருக்கும், கவனித்திருக்கிறீர்களா? அடுத்த முறை அதைக் குப்பையில் போடாமல் கையில் எடுத்துப் பாருங்கள். மேல்பக்கம் ஒடுங்கி, அடிப்பக்கம் சுரைக்காய்போலப் பருத்திருக்கும். அம்மா சேலையில் குத்திக்கொள்ளும் ஊக்கின் அடியில் ஒரு சுருள் இருக்குமே, அது இதில் இருக்காது.

இரண்டும் ஊக்குதானே, பிறகு ஏன் இரண்டு வடிவம்? வேலை வேறு, அதனால் வடிவமும் வேறு. தையலுக்கும் கைவேலைக்கும் பயன்படும் எந்த ஊசியைப் பார்த்தாலும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த வடிவம் எந்தத் தொல்லையைத் தீர்க்கிறது?

முதலில் சுருளைப் பார்ப்போம். ஒரு கம்பியைக் கொஞ்சம் வளைத்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். ரொம்ப வளைத்தால் அப்படியே வளைந்து நின்றுவிடும். முன்னதற்கு மீள்தன்மை என்று பெயர். அதற்கு ஓர் எல்லை உண்டு. சுருளுக்குள் நீளமான கம்பி அடங்கியிருக்கிறது. ஊக்கைத் திறக்கும்போது அந்த வளைவை முழுக் கம்பியும் பங்குபோட்டுக்கொள்கிறது. எந்த இடமும் எல்லையைத் தாண்டி வளைவதில்லை. அதனால் எத்தனை முறை திறந்தாலும் ஊக்கு விறைப்பாகவே இருக்கிறது. சுருள் வைத்த இந்த ஊக்குக்கு 1849இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் வால்டர் ஹன்ட். அந்த உரிமையை அவர் 400 டாலருக்கு விற்றுவிட்டார்!

சுருளில் ஒரு சங்கடம்: அதன் இடுக்கில் நூல் மாட்டிக்கொள்ளும். புதுச் சட்டையில் நூல் இழுபட்டால் யார் வாங்குவார்கள்? அதனால்தான் விலைச்சீட்டு ஊக்கில் சுருள் கிடையாது. பருத்த அடிப்பாகத்தில் துணியும் நூலும் நசுங்காமல் உட்கார இடம் இருக்கிறது. ‘பல்ப் பின்’ என்று கேட்டால் கிடைக்கும் இதைக் கம்பளி பின்னுகிறவர்கள் எண்ணிக்கை தவறாமலிருக்க அடையாளமாகவும் மாட்டிக்கொள்கிறார்கள்.

சரி, பெயர் தெரியாத ஊசி ஒன்று கையில் கிடைக்கிறது. எதையெல்லாம் பார்க்க வேண்டும்? முனை, தலை, தண்டு, உலோகம். இந்த நான்கும் போதும்.

முனை

ஒரு டிராயிங் பின்னின் தலை 10 மி.மீ. அகலம், முனை 0.1 மி.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். அகலத்தில் 100 மடங்கு வித்தியாசம். பரப்பில்? 100 × 100 = 10,000 மடங்கு! கட்டைவிரல் தரும் விசை அதேதான். ஆனால் அது 10,000 மடங்கு சிறிய இடத்தில் இறங்குகிறது. அழுத்தமும் அத்தனை மடங்கு கூடுகிறது. பலகைக்குள் பின் இறங்குவது இதனால்தான்.

அப்படியென்றால் முனை கூராக இருப்பதுதான் எப்போதும் நல்லதா? இல்லை. நெசவுத் துணியில் பாவு நூலும் ஊடு நூலும் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. திருப்பூரில் தயாராகும் பனியன் துணி அப்படியல்ல. அது கண்ணி கண்ணியாகக் கோத்துப் பின்னியது. கூரான ஊசி ஒரு கண்ணியை அறுத்துவிட்டால் அடுத்தடுத்த கண்ணிகளும் அவிழத் தொடங்கும். அதனால் பனியன் துணிக்கு ‘பால்பாயிண்ட் பின்’ இருக்கிறது. அதன் முனை லேசாக உருண்டிருக்கும். நூலைக் குத்தாமல் ஒதுக்கிவிட்டு இடைவெளிக்குள் நுழையும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

தலை

சாதாரணக் குண்டூசியின் தலை அதே கம்பியின் நுனியை நசுக்கிச் செய்தது. முன்பு அப்படியில்லை. மெல்லிய கம்பியைத் தனியே சுருட்டி, தண்டின் நுனியில் மாட்டி அடிப்பார்கள். பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் 1776இல் வெளிவந்த தம் நூலில், குண்டூசி செய்வதில் ஏறக்குறைய 18 தனித்தனி வேலைகள் உண்டு என்றும், வேலையைப் பிரித்துக்கொண்டு 10 பேர் சேர்ந்து ஒரு நாளில் 48,000 குண்டூசிகள் செய்தார்கள் என்றும் எழுதியிருக்கிறார். பழைய பெட்டியில் கம்பி சுற்றிய தலையோடு ஒரு குண்டூசி கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். அது மிகப் பழையதாக இருக்கலாம்.

வண்ணத் தலைகளில் இரண்டு வகை உண்டு: பிளாஸ்டிக், கண்ணாடி. பருத்தித் துணியைத் தேய்க்கும்போது இஸ்திரிப்பெட்டி ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும். அந்தச் சூட்டில் பல வகைப் பிளாஸ்டிக்குகள் இளகித் துணியில் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி அசையாது. ஆகவே ஊசி குத்தியபடியே தேய்க்க வேண்டுமென்றால் கண்ணாடித் தலைதான்.

தட்டையான பூவைப்போல் தலை இருந்தால், அதன்மேல் அளவுகோலை வைத்துக் கோடு போடலாம். ஆங்கில ‘டி’ எழுத்தைப்போல் குறுக்குக்கம்பி இருந்தால் அது ‘டி பின்’. வலைத்துணி, பெரிய கண்ணிக் கம்பளி, பொய்முடி போன்றவற்றில் சிறிய தலை ஓட்டை வழியே நழுவிவிடும். குறுக்குக்கம்பி நழுவாது.

தண்டு

பட்டுக்கு 0.5 மி.மீ. அளவில் மெல்லிய தண்டு வேண்டும். தடித்த ஊசி குத்தினால் பட்டில் ஓட்டை தெரியும். பல அடுக்குத் துணியைச் சேர்த்துத் தைக்க நீளமான தண்டு வேண்டும்.

இரண்டு கால் கொண்ட ஊசியும் உண்டு. அதுதான் ‘ஃபோர்க் பின்’. அதன் உபயோகத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஓர் அட்டையை ஒரே பின்னால் பலகையில் குத்துங்கள். அட்டை சுற்றும். இன்னொரு பின் குத்துங்கள். இப்போது சுற்றாது. கட்டம் போட்ட துணியில் கட்டத்தோடு கட்டம் சேர வேண்டும். ஒற்றை ஊசி குத்தினால் துணி திரும்பிவிடும். இரட்டைக்கால் ஊசி திரும்ப விடாது.

உலோகம்

இங்கே காந்தத்தை எடுங்கள். எஃகு ஊசியைக் காந்தம் இழுக்கும். பித்தளை ஊசியை இழுக்காது. சிலவகை எவர்சில்வர் ஊசி லேசாகத்தான் அசையும்.

பித்தளை எதற்கு? பித்தளையில் இரும்பு இல்லை, அதனால் துருப் பிடிக்காது. திண்டில் ஊசிகளைக் குத்தி, அவற்றைச் சுற்றி நூலைப் பின்னிச் செய்யும் லேஸ் வேலையை 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்பவர் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். இந்த வேலையில் ஊசிகள் வெள்ளை நூலுக்குள் நாள்கணக்கில் நிற்கும். கை ஈரம் பட்டு ஊசி துருப்பிடித்தால் லேஸ் முழுக்கக் கறை. அதனால் லேஸ் பின்னுகிறவர்கள் பித்தளை ஊசியை விரும்புகிறார்கள்.

ஆனால் பூச்சிகளைச் சேகரிப்பவர்களுக்குப் பித்தளை ஆகாது! பூச்சியின் உடலிலுள்ள கொழுப்பு பித்தளையிலுள்ள செம்போடு வினைபுரியும். பித்தளைப் பாத்திரத்தில் ஏறுமே பச்சைக் களிம்பு, அப்படியொன்று ஊசியைச் சுற்றி வளர்ந்து பூச்சியையே உடைத்துவிடும். எனவே கறுப்புப் பூச்சு பூசிய எஃகு ஊசியும், துருப்பிடிக்காத எஃகு ஊசியும் வந்தன. இவை சுமார் 38 மி.மீ. நீளம், மிகச் சிறிய தலை. கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சி அருங்காட்சியகத்துக்குப் போனால் வண்டுகளைக் கவனியுங்கள். வண்டின் வலப்பக்கச் சிறகுமூடியில் ஊசி குத்துவதுதான் வழக்கம். இடப்பக்கம் சேதமில்லாமல் இருந்தால்தான் வண்டு எந்த இனம் என்று பின்னால் வருபவர்கள் ஆராய முடியும்.

எப்படிக் கேட்டு வாங்குவது?

கடையில் போய் “இரண்டாம் நம்பர் ஊசி கொடுங்க” என்றால் குழப்பம்தான். தையல் குண்டூசியில் நம்பர் என்பது பெரும்பாலும் நீளம். நம்பரை 16ஆல் வகுத்தால் அங்குலக் கணக்கு வரும். 24ஆம் நம்பர் என்றால் 24 ÷ 16 = ஒன்றரை அங்குலம், அதாவது சுமார் 38 மி.மீ. ஊக்கில் 2ஆம் நம்பரே பொதுவாக ஒன்றரை அங்குலம். பூச்சி ஊசியிலோ நம்பர் நீளத்தைச் சொல்லாது, தடிமனைச் சொல்லும். அங்கே 2ஆம் நம்பர் 0.45 மி.மீ.

ஆகவே நம்பரை நம்பாமல் அளந்துகொள்ளுங்கள். நீளத்தை அளவுகோலால் அளக்கலாம். தடிமனுக்கு 10 ஊசிகளை ஒட்டி வரிசையாக அடுக்கி, மொத்த அகலத்தை 10ஆல் வகுக்கலாம். ஒரே ஊசிதான் இருக்கிறது என்றால் பள்ளி ஆய்வகத்தில் திருகு அளவி இருக்கும், ஆசிரியரிடம் கேளுங்கள். பிறகு ஒரு சின்ன அட்டையில் ஊசியை அதே அளவில் வரைந்து, முனை, தலை, காந்தச் சோதனை, எந்த வேலைக்கு என்று நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள். தையல் சாமான் கடைக்காரருக்கு அது போதும். பூச்சி ஊசிக்கு ஆய்வகப் பொருள் விற்கும் கடை.

எதுவும் கிடைக்கவில்லையா? தொல்லை என்ன என்று தெரிந்தால் மாற்றுவழியும் தெரியும். இரட்டைக்கால் ஊசி இல்லையென்றால் இரண்டு குண்டூசிகளைப் பக்கத்தில் பக்கத்தில் குத்தலாம். தோலிலும் மழைக்கோட்டிலும் விழுந்த ஓட்டை திரும்ப மூடாது. அங்கே ஊசியே வேண்டாம், கிளிப் போடுங்கள்.

ஒரு கண்டிப்பான விதி: ஊசியை வாயில் வைக்கக் கூடாது. கீழே சிந்தினால் கையால் துழாவாமல் காந்தத்தால் எடுங்கள். பித்தளை ஊசியென்றால் எண்ணி எடுங்கள், காந்தம் உதவாது!

உங்களுக்கு ஒரு புதிர்

மூன்று டப்பாக்கள். மூன்றிலும் ஊசிகள் சுமார் 38 மி.மீ. நீளம். முதல் டப்பாவில் 24 என்று போட்டிருக்கிறது, ஊசிக்குச் சிவப்புத் தலை, லென்ஸில் பார்த்தால் கண்ணாடி. இரண்டாவதில் 2 என்று இருக்கிறது, அடியில் சுருள். மூன்றாவதிலும் 2 என்றுதான் இருக்கிறது, ஊசி கறுப்பு, தலை மிகச் சிறியது, காந்தம் இழுக்கிறது. எதை யாரிடம் கொடுப்பீர்கள்: தையற்காரர், பூச்சி ஆராய்ச்சியாளர், சேலை கட்டும் அத்தை?

விடை: முதலாவது தையற்காரருக்கு, இரண்டாவது அத்தைக்கு, மூன்றாவது பூச்சி ஆராய்ச்சியாளருக்கு. மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள்!