புற்றுநோய் ஆய்வும் சட்டமும்: மேற்கோள் எண்ணிக்கை சொல்வது என்ன, சொல்லாதது என்ன?

பேராசிரியர் நியமனம், பதவி உயர்வு, ஆய்வு நிதி ஆகியவற்றைத் தீர்மானிக்கும்போது, ஒருவர் எத்தனை கட்டுரைகள் வெளியிட்டுள்ளார், அவை எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டுள்ளன என்ற இரு எண்கள் பரவலாகப் பார்க்கப்படுகின்றன. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையும் கல்வி நிறுவனங்களை மதிப்பிடும்போது இவற்றைக் கணக்கில் கொள்கிறது. ஆனால், ஒரே எண் எல்லாத் துறைகளிலும் ஒரே பொருளைத் தருவதில்லை. புற்றுநோய் ஆய்வையும் சட்டத்தையும் ஒப்பிட்டால் இது தெளிவாகும்.

எச்-குறியீடு என்றால் என்ன?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005-ஆம் ஆண்டு முன்வைத்த அளவுகோல் இது. ஓர் ஆய்வாளரின் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்டு, 21 கட்டுரைகளுக்கு அந்த நிலை எட்டப்படவில்லை எனில், அவரது எச்-குறியீடு 20. ஒரே ஒரு கட்டுரை ஆயிரம் மேற்கோள்களைப் பெற்றாலும் இந்த எண் உயராது.

துறைக்குத் துறை வேறுபாடு ஏன்?

புற்றுநோய் ஆய்வுகளில் மருத்துவர்கள், உயிரியலாளர்கள், புள்ளியியலாளர்கள் எனப் பலர் இணைந்து பணியாற்றுகின்றனர். கட்டுரைக்குக் கிடைக்கும் மேற்கோள் ஒவ்வொருவர் கணக்கிலும் முழுமையாகச் சேர்கிறது. சட்டத் துறையிலோ பெரும்பாலும் ஒருவரே எழுதுகிறார். நூல்களுக்கும் அங்கு முக்கிய இடம் உண்டு. ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் போன்ற தரவுத்தளங்கள் முதன்மையாக ஆய்விதழ்களையே தொகுக்கின்றன. ஒரு தீர்ப்பில் நீதிபதி காட்டும் மேற்கோள் அந்தக் கணக்கில் சேர்வதில்லை.

தீர்ப்பில் இடம்பெற்ற ஆய்வுக் கட்டுரை

இதற்குத் தக்க சான்று நோவார்ட்டிஸ் வழக்கு. நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மெசிலேட் மருந்தின் பீட்டா படிக வடிவத்துக்குக் காப்புரிமை கோரி, அந்நிறுவனம் 1998-இல் சென்னை காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. 2006-இல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மேல்முறையீடுகளுக்குப் பின் வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது.

2013 ஏப்ரல் 1 அன்று நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், ரஞ்சனா பிரகாஷ் தேசாய் அமர்வு நோவார்ட்டிஸின் கோரிக்கையை நிராகரித்தது. இமாட்டினிப் மெசிலேட் ஏற்கெனவே அறியப்பட்ட பொருள் என்ற முடிவுக்கு, முந்தைய காப்புரிமையுடன் 1996-இல் 'கேன்சர் ரிசர்ச்' இதழில் வெளியான கட்டுரையையும் நீதிமன்றம் ஆதாரமாகக் கொண்டது. சட்டப் பேராசிரியர் ஷம்நாத் பஷீரின் வாதத்தையும் அமர்வு கேட்டது. புதிய படிக வடிவம் கூடுதல் சிகிச்சைப் பலன் தருவதாக நிறுவப்படாததால், காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு குறுக்கே நின்றது.

வழக்கு நடந்த காலத்தில் நோவார்ட்டிஸ் மருந்தின் விலை மாதத்துக்கு ஏறத்தாழ 1.2 லட்சம் ரூபாய். இந்திய நிறுவனங்களின் மருந்தோ சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய். நோயாளிகளின் வாழ்வைத் தொட்ட இத்தகைய மேற்கோளை எச்-குறியீடு காட்டாது.

அதிக மேற்கோள் என்றால் சரியான ஆய்வா?

அப்படியும் கொள்ள முடியாது. கட்டி மரபணுக்களைக் கொண்டு எந்த மருந்து பலன் தரும் என முன்கூட்டியே கணிக்கலாம் எனக் கூறி, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு 2006-இல் வெளியிட்ட கட்டுரை பெரும் கவனம் பெற்றது. அதன் அடிப்படையில் நோயாளிகளிடம் மருத்துவச் சோதனைகளும் தொடங்கின. புள்ளியியலாளர்கள் கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ் ஆகியோர் தரவுகளை மறுஆய்வு செய்து பிழைகளை வெளிக்கொணர்ந்தனர். 2011-இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நோயாளிகளின் தரப்பு நீதிமன்றத்தை நாடியது. தவறைச் சுட்டிக்காட்ட எழுதப்படும் மேற்கோளும் எண்ணிக்கையில் ஒன்றாகவே சேர்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

எப்படி மதிப்பிடுவது?

இதழின் பெயரை வைத்தன்றி ஆய்வின் உள்ளடக்கத்தை வைத்தே மதிப்பிட வேண்டும் என்கிறது 2013-இல் வெளியான சான் பிரான்சிஸ்கோ பிரகடனம். எண்கள் நிபுணர்களின் மதிப்பீட்டுக்குத் துணை நிற்க வேண்டுமே தவிர, அதன் இடத்தைப் பிடிக்கக் கூடாது என 2015-இல் வெளியான லைடன் அறிக்கை வலியுறுத்துகிறது.

எனவே ஓர் ஆய்வாளரின் பட்டியலைப் பார்ப்பவர்கள், அவரை அதே துறையினருடன் மட்டுமே ஒப்பிட வேண்டும். கூட்டுக் கட்டுரையில் அவரது பங்கு என்ன, ஏதேனும் கட்டுரை திரும்பப் பெறப்பட்டுள்ளதா, அவரது பணி சிகிச்சையிலோ தீர்ப்பிலோ கொள்கையிலோ பயன்பட்டுள்ளதா என்பவற்றையும் அறிந்த பிறகே முடிவுக்கு வருவது முறையாகும்.