செயின் மட்டும் போதுமா?

காரின் டைமிங் செயினை மாற்ற வேண்டும் என்று கூறும் மெக்கானிக், கூடவே நாலைந்து சாமான்களையும் சீட்டில் எழுதித் தருவார். “கெட்டது செயின்தானே, மற்றவை எதற்கு?” என்று நம் வீடுகளில் கேள்வி எழும். இதற்கு விடை காண்போமா, தோழியரே?

என்ஜினில் பிஸ்டன்களின் ஓட்டத்தால் கிராங்க் ஷாஃப்ட் சுழல்கிறது. காற்று உள்ளே வரவும் புகை வெளியேறவும் வால்வுகளைத் திறப்பது காம் ஷாஃப்ட். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது காம் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அதனால் காமின் பல்சக்கரத்தில் பற்கள் இரு மடங்கு. இவ்விரண்டையும் தாளம் பிசகாமல் இணைப்பதே டைமிங் செயின். 1880-இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு உருவாக்கிய உருளைச் சங்கிலியின் வழியில் வந்தவையே பல கார்களின் செயினும், நம் சைக்கிள் செயினும்.

“செயின் நீண்டுவிட்டது” என்பார்கள். உண்மையில் இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியின் ஊசியும் மயிரிழை அளவு தேய, அத்தனையும் சேர்ந்து நீளமாகிறது. அந்தச் செயின் ஓடிய பற்களும் கூடவே தேய்ந்து கொக்கிபோல் வளைகின்றன. அப்பற்களில் புதுச் செயினை மாட்டினால் சரியாகப் பொருந்தாது. அதுவும் விரைவில் தேயும்.

செயினைத் தளராமல் அழுத்திப் பிடிப்பது டென்ஷனர். பல என்ஜின்களில் அது ஆயில் அழுத்தத்தால் இயங்குகிறது. அது சோர்ந்தால், காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் கடகடவென்ற ஓசை கேட்கும். செயின் உரசிச் செல்லும் பிளாஸ்டிக் கைடுகள் சூட்டில் நொறுங்கினால், துண்டுகள் ஆயில் வடிகட்டியை அடைக்கக்கூடும். செயின் பல் தாண்டினாலோ, பல என்ஜின்களில் பிஸ்டன் வால்வை மோதி வளைத்துவிடும். அப்போது செலவு பன்மடங்கு!

இவையெல்லாம் என்ஜினின் மூடிக்குள் இருப்பவை. மூடியைத் திறந்து பூட்டும் கூலியே பெரிது. இன்று டென்ஷனரை மிச்சம் பிடித்தால், நாளை அதே கூலியை மறுபடி கொடுக்க நேரும். ஆகவே செயின், பல்சக்கரங்கள், டென்ஷனர், கைடுகள் ஆகியவற்றைச் சேர்த்து மாற்றுவதே சிக்கனம். மூடியின் காஸ்கட்டும் ஆயில் சீலும் புதியனவாக வேண்டும். ஆயிலையும் ஃபில்டரையும் உடன் மாற்றுதல் நலம். சில கார்களில் தண்ணீர் பம்பும் இதே செயினால் சுழல்வதால் அதையும் பார்க்க வேண்டும்.

அதற்காக எழுதித் தந்த யாவற்றையும் கேள்வியின்றி வாங்க வேண்டியதில்லை. கழற்றிய பழைய பாகங்களைக் காட்டும்படி கேட்பது நம் உரிமை. பழைய ஆடையில் புதுத் துணியை ஒட்டுப்போடுவது பற்றி நம் ஆண்டவர் கூறிய உவமையை நாம் அறிவோம். அது என்ஜினுக்கும் பொருந்துகிறதன்றோ!